இரண்டு படி மழை

நாடகத்தில் எனக்கு வேஷமில்லை.
ஒரு முறம், ஒரு தகரத் தட்டு,
வீட்டுக்குத் தெரியாமல் எடுத்துவந்த
இரண்டு படி கேழ்வரகு.
சாய்த்தால் மழை.
நிமிர்த்தினால் வெயில்.

நகரியில் மழைச் சத்தம் செய்வது வீண்வேலை.
பள்ளிக்கூடத்துக்கு மூன்று பக்கமும் விசைத்தறி.
டடக் டடக் டடக் டடக்.
சார் கத்துவதே கடைசி பெஞ்சுக்கு எட்டாது.
நிஜ மழையே இங்கே
நனைந்த பிறகுதான் தெரியவரும்.

ஆண்டு விழாவுக்கு ஏழு நாள் இருக்கையில்
எங்கள் ராஜாவுக்கு அம்மை போட்டது.
தெலுங்கு மீடியத்திலிருந்து
முனிச்சந்திராவை இரவல் வாங்கினோம்.
உயரம் பொருந்தியது. குரல் பொருந்தியது.
தமிழ் பேசுவான், சந்தைத் தமிழ்.
படிக்கத் தெரியாது.

மழையோடு சேர்த்து அவனும் என் பொறுப்பு.
காலண்டர் அட்டைகளின் பின்பக்கம்
அவன் வசனம் முழுவதையும்
தெலுங்கு எழுத்தில் எழுதினேன்,
படுதா ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்ட.
மடமடவென்று எழுதிக்கொண்டு வந்தவள்
ஓரிடத்தில் நின்றேன்.
அந்த எழுத்துகளில் ழ கிடையாது.
நாடகத்தின் பெயரோ ‘ஏழாவது கிணறு’.
ராஜா கடைசியில் அண்ணாந்து சொல்ல வேண்டியது:
“மழை. என் மக்களே, மழை.”

உருண்டை உருண்டையாய்த் தெலுங்கு, அதன் நடுவே
ஒற்றை ழ-வைத் தமிழில் போட்டு
சிவப்பு மையால் சுழித்தேன்.
“என்ன இது, சைக்கிள் செயின் கழண்ட மாதிரி?”
நாக்கை மடி என்றேன்.
மடித்தான். மள என்றான்.
இன்னும் உள்ளே என்றேன். மய என்றான்.
சாயங்காலமெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டில் இதே வேலை.
பார்த்தவர்கள் வேறு என்னமோ சொன்னார்கள்.
ஆறாம் நாள் ஒரு தடவை,
ஒரே ஒரு தடவை, வந்தது.
கேட்க யாருமில்லை.

படுதா என்றால் உள்பாவாடைத் துணி,
அரக்கு நிறம், சாயம் பிசகிக் கழித்துக்கட்டியது.
அதற்குப் பின்னால் ஒன்பதாவது அட்டையோடு நான்.
ராஜா ஆறு கிணறு தோண்டி முடித்திருந்தார்.
கரண்ட் போனது.

விளக்கு அணைந்ததில் ஆச்சரியமில்லை.
தறி நின்றதுதான்.
மூன்று பக்கமும் ஒரே நேரத்தில்
ஊர் வாயை மூடிக்கொண்டது.
என் காது எனக்கே புதிதாக இருந்தது.

இருட்டில் அட்டையை யார் பார்ப்பது?
கீழே போட்டுவிட்டு முறத்தை எடுத்தேன்.
முதலில் நாலு துளி.
பிறகு கூரைத் தகரத்தின் மேல்.
பிறகு, மணிக்கட்டு எங்கே கற்றதோ,
வாழை இலையின் மேல்.
அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது.
பின்வரிசையில் யாரோ
“ஐயோ, வாசல்ல நூல் கிடக்கு” என்று
எழுந்து ஓடினார்கள்.

ராஜா பேச வேண்டும்.
பேசவில்லை.
“மழை” என்று கிசுகிசுத்தேன்.
முறம் பாதி காலி.
“மழைடா.”
அவன் மூச்சை இழுப்பது கேட்டது.
“வான!” என்றான். அடிவயிற்றிலிருந்து வந்தது.
“வானரா! வானொச்சிந்திரா!”

தமிழ் பெஞ்சும் தெலுங்கு பெஞ்சும் சேர்ந்து விசிலடித்தன.
முறத்தோடு அவன் தலையில் போட்டிருப்பேன்.
அதில் இன்னும் அரைப்படி மழை இருந்தது.
சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு கரண்ட் வந்தது, தறி வந்தது,
கைதட்டல் எந்த இடத்தில் முடிந்ததென்று
யாராலும் சொல்ல முடியவில்லை.

மேடைக்குப் பின்னால் பெருக்கி அள்ளியதில்
ஒன்றே முக்கால் படிதான் தேறியது.
ஞாயிற்றுக்கிழமை அம்மா களி கிண்டினாள்.
பிட்ட உருண்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
“கேவுரு மாவுல ஜிகினா எப்படிடி வந்துது?” என்றாள்.
ராஜாவின் கிரீடம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தாள்.
“தின்னுட்டுப் போயித் துணியெல்லாம் எடு.
மய வராப்புல இருக்குது.”